கியூபர் கையில் எந்தத் தாள்?

கேள்வி: கியூபாக்காரர்கள் அமெரிக்க மண்ணில் கால் வைத்தாலே குடியுரிமைதான் என்கிறார்களே! அப்படிச் சலுகை உள்ளவர்கள் மெக்சிகோவில் ஏன் முடங்கிக் கிடக்கிறார்கள்?

பதில்: நீங்கள் சொல்வது 2017 ஜனவரி 12-ஆம் தேதியோடு முடிந்துபோன ஏற்பாடு. கடலில் பிடிபட்டால் திருப்பி அனுப்புவது, கரையில் கால் பட்டுவிட்டால் தங்க விடுவது என்று 1995 முதல் இருந்ததை, ஒபாமா பதவி முடியும் தறுவாயில் ரத்து செய்தார். அப்போதும்கூட யாருக்கும் உடனே குடியுரிமை கிடைக்கவில்லை. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கியூபர்களுக்குத் தருவது, ஓராண்டு அங்கே இருந்தபின் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும் வழியைத்தான். அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. ஆனால் எல்லையில் முறைப்படி அனுமதித்திருக்க வேண்டும், இல்லையென்றால் 'பரோல்' எனும் தற்காலிக நுழைவு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். சிக்கல் இந்த இடத்தில்தான்.

2021 நவம்பரில் நிகரகுவா கியூபர்களுக்கு விசா வேண்டாம் என்றது. வீட்டை, மோட்டார் சைக்கிளை விற்று டிக்கெட் எடுத்தார்கள். அதன் தலைநகர் மனாகுவாவில் இறங்கி, ஹோண்டுராஸ், குவாத்தமாலா வழியாக சுச்சியாத்தே ஆறு. பெரிய டயர் டியூப்களின் மேல் பலகை கட்டிய தெப்பம். நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார்கள். அக்கரை மெக்சிகோ. 2022 நிதியாண்டில் மட்டும் அமெரிக்காவின் தெற்கு எல்லையில் கியூபர்கள் 2 லட்சத்து 20 ஆயிரம் தடவைக்கு மேல் பதிவானார்கள். அப்போது சுமார் 1.1 கோடி பேர் வாழ்ந்த தீவு அது!

எல்லைக் காவலர்கள் சிலருக்கு பரோல் தாள் கொடுத்தார்கள். பலருக்கு ஐ-220ஏ என்ற விடுவிப்பு ஆணையைக் கொடுத்தார்கள். ஒன்றாக ஆற்றைக் கடந்த கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு மற்றொன்று என்றுகூட நடந்தது. வாங்கியவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஐ-220ஏ பரோல் ஆகாது என்று 2023 செப்டம்பரில் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் சொல்லிவிட்டது. கணவன் கிரீன் கார்டு வாங்கினான். மனைவி நாடு கடத்தல் வழக்குக்கு நீதிமன்றம் போகிறாள். இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மெக்சிகோவில் தவித்தவர்கள், எல்லையில் அமெரிக்க அதிகாரிகளைச் சந்திக்கக் கைப்பேசிச் செயலியில் முன்பதிவு செய்து, மாதக்கணக்கில் நாளுக்காகக் காத்திருந்தவர்கள். 2025 ஜனவரி 20 அன்று, டிரம்ப் பதவியேற்ற அன்றே, கையிலிருந்த முன்பதிவுகள் அத்தனையும் ரத்தாயின. பலர் மெக்சிகோவின் தென் எல்லை நகரமான தபச்சுலாவிலேயே அகதி மனு போட்டார்கள். மனு முடியும்வரை அந்த நகரம் இருக்கும் மாநிலத்தை விட்டு நகரக்கூடாது. வாராவாரம் கையெழுத்துப் போட வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் தவறினால் மனுவைக் கைவிட்டதாகக் கணக்கு. அங்கே கூலி குறைவு, வாடகை அதிகம். அதனால் பலர் வடக்கே வேலை தேடிப் போய் மனுவை இழக்கிறார்கள்.

ஐ-220ஏ உள்ளவர்களுக்கு மிச்சமிருக்கும் முக்கிய வழி அரசியல் புகலிடம். நுழைந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். வீடு மாறினால் 5 நாளுக்குள் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; இல்லாவிட்டால் விசாரணைத் தேதி பழைய முகவரிக்குப் போகும், ஆள் வராததால் வெளியேற்ற ஆணை பிறக்கும். கியூபாவின் மின்வெட்டும் ரேஷன் தட்டுப்பாடும் புகலிடத்துக்குக் காரணமாகாது. அரசால் தனக்கு ஆபத்து என்று காட்ட வேண்டும். கியூபாவில் 2021 ஜூலை 11 அன்று நடந்த அரசு எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு போலீஸ் அனுப்பிய அழைப்பாணை, அபராதச் சீட்டு போன்றவைதான் சான்று. பலர் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். இப்போது அலமாரியில் தேடிப் படமெடுத்து அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.