கதையின் அடிப்படைக் கூறுகள் என்னென்ன? படிக்கும்போது அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

பாத்திரம், களம், சிக்கல், கதைப்பின்னல், பார்வைக்கோணம், கருப்பொருள் என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பெயர்களை மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் வரும், கதை பிடிபடாது. நான் செய்வது இதுதான்: தெரிந்த ஒரு கதையில் ஏதாவது ஒரு கூறை மட்டும் மாற்றிவிட்டு, மீதிக் கதை நிற்கிறதா என்று பார்ப்பேன். சிலப்பதிகாரத்தில் செய்து காட்டுகிறேன், கதை நம் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் களம். கோவலன் சிலம்பை விற்கப் போனது மதுரையில். அதையே புகாரில் விற்றிருந்தால்? அங்கே அவன் பெருவணிகன் மாசாத்துவானின் மகன், ஊருக்கே தெரிந்தவன், திருடன் என்று யார் சொன்னாலும் எடுபடாது. மதுரையில் அவனை யாருக்கும் தெரியாது. அவன் உயிர் போனதில் பாதிக் காரணம் அந்த ஊரில் அவன் அந்நியன் என்பதுதான். களத்தை வெறும் பின்னணி என்று நினைப்பவர்கள் இந்த ஓர் இடத்தைப் பொறுமையாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, ஏன் மதுரைக்கு வந்தான்? மாதவியோடு வாழ்ந்து செல்வத்தையெல்லாம் தொலைத்துவிட்டுத் திரும்பியவனுக்குத் தன் ஊரில் முகம் காட்ட வெட்கம். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் கண்ணகி. அதை முதலாக வைத்து இழந்ததை மீட்கலாம் என்று விடிவதற்கு முன்பே அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். பாத்திரம் என்றால் நல்லவனா கெட்டவனா என்ற பட்டியல் வேண்டாம், அவனுக்கு என்ன வேண்டும், எதற்குக் கூசுகிறான் என்று கேளுங்கள், கதை அடுத்து எங்கே போகும் என்பது அதிலேயே இருக்கும்.

அடுத்தது கதைப்பின்னல், எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கோப்பெருந்தேவி ஊடலில் தலைவலி என்று சொல்லிப் போய்விட்டாள். பாண்டியன் அமைச்சர்களை விட்டுவிட்டு அவளைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான், அந்த நேரம் பார்த்துப் பொற்கொல்லன் வந்து காலில் விழுந்து, சிலம்பு விற்க வந்த கோவலனைக் கள்வன் என்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லனேதான் என்று நமக்குத் தெரியும், அரசனுக்குத் தெரியாது (பார்வைக்கோணம் செய்கிற வேலை இது, நம் பதற்றமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது). பக்கத்தில் ஓர் அமைச்சர் இருந்திருந்தால் விசாரிக்கச் சொல்லியிருப்பார். அரசனோ, சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அப்புறம்கூட ஒரு வாய்ப்பு இருக்கிறது. காவலர்கள் கோவலனைப் பார்த்து, இவன் கொல்லப்பட வேண்டிய ஆள் மாதிரித் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள், பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை நீட்டி முழக்குகிறான், கடைசியில் படிப்பறிவில்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஒவ்வொரு கண்ணியும் முந்தையதிலிருந்து வருகிறது. 'பிறகு இது நடந்தது' என்பதை 'இதனால் இது நடந்தது' என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் அது கதைப்பின்னல்.

சிக்கல் உச்சத்துக்கு வருவது அரசவையில். கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம், அரசியின் சிலம்புக்குள் முத்து. உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது, வழக்கு முடிந்தது. ஆனால் கதை முடிவது பாண்டியனின் குணத்தால். தன் தீர்ப்பு தவறு என்று தெரிந்ததும் அங்கேயே விழுந்து உயிரை விடுகிறான். தவறை மழுப்புகிற ஓர் அரசனை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், சான்று அதேதான், கதை வேறாகிவிடும்.

கருப்பொருளைக் கடைசியில் தேடுங்கள். அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்று நூலின் முன்னுரையான பதிகமே சொல்லிவிடுகிறது, இருந்தாலும் அமைச்சர் இல்லாத அந்தக் கணத்தைப் பார்த்தபிறகுதான் அந்த வரி எனக்குப் புரிந்தது. நீங்கள் அடுத்து ஒரு சிறுகதை படிக்கும்போது, முதலில் ஊரை மட்டும் மாற்றிப் பாருங்கள்.