தனிமையில் பிடிக்கும் தூண்டில்

கேள்வி: இஸ்லாத்துக்கு மாறிய ஒருவர் சொந்த நாட்டின் மீதே குண்டு வைக்கும் அளவுக்கு எப்படிப் போகிறார்? மதமாற்றம்தான் காரணமா?

பதில்: இல்லை. மாறுவோரில் மிகப் பெரும்பாலோர் தொழுகை, நோன்பு என்று அமைதியாகவே வாழ்கிறார்கள். துணையில்லாமல் தனித்துவிடும்போதுதான் ஆபத்து நுழைகிறது. 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயிலில் 26 பேரைக் கொன்ற ஜெர்மெய்ன் லிண்ட்சே பதின்வயதில் மதம் மாறியவர். 2002-ல் தாய் அமெரிக்கா போய்விட, இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகர வீட்டில் தனியே இருந்தார், படிப்பும் நின்றது. கொலையைத் தூண்டியதற்காக 2003-ல் தண்டிக்கப்பட்ட தீவிரவாதப் பிரசாரகர் அப்துல்லா அல் ஃபைசலின் தாக்கம் அவரிடம் பலமாக இருந்தது.

புதியவருக்கு மார்க்க அறிவு குறைவு, ஆர்வமோ அதிகம். எது சரியான விளக்கம் என்று அவரால் உரசிப் பார்க்க முடியாது.

தாடியையும் உடையையும் வைத்து எடைபோடாதீர்கள். உள்ளூர் இமாமையே 'காஃபிர்' (இறைமறுப்பாளர்) என்பது, பழைய நட்புகளை அறுப்பது, ரகசியக் குழு ஒன்றே உலகமாவது: இவைதான் கவலைக்குரியவை. அப்போது வீட்டார் மதத்தைத் திட்டி வாதாடினால், 'உன் குடும்பம் உன் எதிரி' என்ற பிரசாரத்துக்கு அவர்களே சாட்சியாகிவிடுவார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், பேச்சை விடாதீர்கள், நிதானமான ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரை அறிமுகப்படுத்துங்கள். வன்முறைத் திட்டமோ ஆயுதப் பேச்சோ காதில் விழுந்தால் தாமதிக்காமல் காவல்துறையிடம் சொல்லுங்கள்.