மகளுக்கு முதல் ஏர் ரைபிள்: நகையை அடகு வைத்து வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. கொருக்குப்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் ஒப்பந்த மேற்பார்வையாளராக இருக்கிறேன். கைக்கு மாதம் 38,000 ரூபாய் வருகிறது. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்து 7,000 ரூபாய் வரை சம்பாதிக்கிறார். வாடகை, பள்ளிக் கட்டணம், சீட்டு எல்லாம் சேர்த்து மாதச் செலவு 36,000. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு வருடமாக 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சிக்குப் போகிறாள். பயிற்சிக் கட்டணம் 3,000 ரூபாயை இந்தச் செலவில் சேர்க்கவில்லை. 60 ரவுண்டில் 585 வரை போடுகிறாள். துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் மாதிரி வரவேண்டும் என்பது அவள் ஆசை. கிளப் துப்பாக்கியை நான்கு பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சுடுகிறார்கள். சொந்தத் துப்பாக்கி இல்லாமல் இனி முன்னேற முடியாது என்கிறார் பயிற்சியாளர். புதிய ஜெர்மன் துப்பாக்கி 2,80,000 ரூபாய் ஆகுமாம். பழையது ஒன்று 1,60,000க்கு வந்திருக்கிறது. மச்சானோ 8,000 ரூபாய்க்கே ஏர் கன் கிடைக்கிறதே என்கிறார். வங்கியில் 90,000 இருக்கிறது. மாதம் 5,000 கட்டுகிற ஒரு லட்ச ரூபாய் சீட்டு முடிய இன்னும் எட்டு மாதம். வீட்டில் 6 பவுன் நகை உண்டு. நகையை அடகு வைக்கலாமா, பர்சனல் லோன் போடலாமா? எந்தத் துப்பாக்கி வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எந்தத் துப்பாக்கியும் வாங்க வேண்டாம். நகையைத் தொடவே வேண்டாம். எட்டு மாதம் கழித்துச் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், அந்த ஒரு லட்சத்துக்குள் வாங்குங்கள். அதுவரை மகளின் பயிற்சி ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. நான் இப்படிச் சொல்வதே அந்தப் பயிற்சிக்காகத்தான்.

இந்த விளையாட்டில் துப்பாக்கியின் விலை ஒருமுறை வந்து போகிற செலவு. குடும்பத்தின் மூச்சைப் பிடிப்பது மாதாமாதம் வருகிற செலவு. ஒரு முழுப் போட்டிக்கு 60 ரவுண்டு. அதற்கு முன் குறி சரிபார்க்கச் சுடுவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 75 பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, போகும். வாரம் நான்கு நாள் பயிற்சி என்றால் மாதம் 1,250 பெல்லட்டைத் தாண்டும். 500 பெல்லட் கொண்ட ஒரு டப்பாவை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,500 ரூபாய். பயிற்சிக் கட்டணம் 3,000. ரயில், ஷேர் ஆட்டோ 600. வருடத்தில் இரண்டு மூன்று போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம், வெளியூர் என்றால் பயணம், தங்குமிடம், கூடப் போகிற உங்களில் ஒருவருடைய செலவு எல்லாம் சேர்த்து 24,000 என்று போடுங்கள், மாதத்துக்கு 2,000. கூட்டினால் 8,100 ரூபாய். உங்களிடம் மிஞ்சுவது 9,000.

இதன் மேல் பர்சனல் லோனை வைத்துப் பாருங்கள். 2 லட்ச ரூபாய், 14 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 6,835 ரூபாய். வட்டியாக மட்டும் 46,000 ரூபாய் போய்விடும். தவணை கட்டியபின் கையில் இருப்பது இரண்டாயிரத்துச் சொச்சம். அது பயிற்சிக் கட்டணத்துக்கே பற்றாது, பெல்லட்டுக்கு எங்கே போவது? மூன்று லட்ச ரூபாய்த் துப்பாக்கி பீரோவுக்கு மேலே பெட்டியில் தூங்கும், பிள்ளை வாரம் ஒரு நாள் எண்ணி எண்ணிச் சுடுவாள். நல்ல துப்பாக்கி வாங்கித் தந்த பிறகும் ஸ்கோர் ஏறவில்லையே என்ற சுமை வேறு அவள் தலையில் விழும். 14 வயதில் அது பெரிய பாரம்.

நகைக்கடன் வட்டி குறைவுதானே என்று கேட்பீர்கள். வங்கியில் 10 சதவீதம் என்றே வைப்போம். 1,60,000க்கு வருட வட்டி 16,000. பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்னவென்றால், வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள். அசல் அப்படியே நிற்கும். தெருமுனை அடகுக் கடையில் மாதம் 2 வட்டி என்றால் மாதத்துக்கு 3,200 ரூபாய். உங்களுடையது ஒப்பந்த வேலை. நாளைக்கே இரண்டு மாதம் வேலை இல்லை என்றாலோ, யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாலோ உடனே கைகொடுக்கப் போவது அந்த 6 பவுன்தான். வங்கியில் உள்ள 90,000கூட உங்கள் மூன்று மாதச் செலவான 1,08,000 ரூபாய்க்குக் குறைவாகத்தான் இருக்கிறது. அதையும் கரைக்காதீர்கள்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். பயிற்சியாளர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ரைபிளின் தோளில் பதிகிற பின்தகடு, கன்னம் பதிகிற கட்டை, பிடி எல்லாம் ஒவ்வொருவர் உடம்புக்கும் தனித்தனியாக அமைய வேண்டியவை. நான்கு பேர் சுட்டால் நான்கு முறை மாறும். ஆனால் மேட்ச் ரைபிளில், அதாவது போட்டிக்கென்றே செய்த துப்பாக்கியில், இவற்றுக்கு அளவுக்கோடுகள் உண்டு, அல்லது மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளலாம். மகளின் அளவுகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, தினமும் ஐந்து நிமிடம் முன்னதாகப் போய்த் தன் அளவுக்கு மாற்றிக்கொண்டால் அந்தக் குறை பெருமளவு தீரும். எட்டு மாதம் இப்படி ஓட்டலாம்.

மீதிப் பாதியை எண்ணை வைத்துப் பார்ப்போம். 10 மீட்டர் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.25 மில்லிமீட்டர் வித்தியாசம். ரவுண்டுக்கு 10.9 வீதம் 60 ரவுண்டுக்கு அதிகபட்சம் 654. உங்கள் மகளின் 585 என்பது ரவுண்டுக்குச் சராசரி 9.75. அதாவது அவள் சுடும் பெல்லட் நடுவிலிருந்து சராசரியாக 3 மில்லிமீட்டர் விலகிப் போகிறது. ஒழுங்காகப் பராமரித்த ஒரு மேட்ச் ரைபிளை இடுக்கியில் இறுக்கி வைத்துச் சுட்டால் பெல்லட்டுகள் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் விழும். ஆகவே அந்த 3 மில்லிமீட்டரில் பெரும்பங்கு நிற்கிற நிலை, மூச்சு, டிரிகர் விரல், துப்பாக்கியின் எடையைத் தாங்குகிற முதுகு ஆகியவற்றில் இருக்கிறது. விலை உயர்ந்த துப்பாக்கி அதைச் சரிசெய்யாது. அவள் தொடர்ந்து 600ஐத் தாண்டத் தொடங்கும்போது சொந்தத் துப்பாக்கி நிஜமாகவே உதவும்.

இப்போது செலவு செய்யத் தகுந்தது துப்பாக்கி சுடுவதற்கென்றே உள்ள ஜாக்கெட்டும் பேன்ட்டும் கையுறையும் ஷூவும்தான். முதுகை நிலைநிறுத்துவது ஜாக்கெட். கிளப்பில் பெரிய பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போன செட்டுகள் இருக்கும், விசாரியுங்கள். வளர்கிற பிள்ளைக்குப் புதிது வாங்குவது வீண். இந்தியத் தயாரிப்பு, கொஞ்சம் பயன்படுத்தியது என்றால் 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் முடிக்கப் பாருங்கள். இந்த ஒரு செலவுக்கு மட்டும் வங்கிப் பணத்திலிருந்து எடுக்கலாம். அடுத்த போனஸ் வந்ததும் திருப்பிப் போட்டுவிடுங்கள்.

மச்சான் சொல்லும் 8,000 ரூபாய்த் துப்பாக்கி, குழாயை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற வகை. சுடும்போது உள்ளே பிஸ்டன் ஓடி முன்னும் பின்னும் உதறும். பிடிக்கிற விதம் கொஞ்சம் மாறினாலும் குறி மாறும். பொழுதுபோக்குக்குச் சரி. போட்டிக்குத் தயாராகிற பிள்ளை இதில் பழகினால், அந்த உதறலுக்காகத் தேவையில்லாத பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். வேண்டாம்.

ஒரு லட்சத்துக்குள் இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, இந்தியாவில் தயாராகும் பிசிபி ரைபிள், அதாவது முன்கூட்டியே காற்று அடைத்த சிலிண்டரில் இயங்குவது. பிரிசிஹோல் போன்ற நம் நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கின்றன. மாடலைப் பொறுத்து 30,000 முதல் 60,000 ரூபாய் வரை கணக்கு வைக்கலாம். பீப் சைட், அதாவது சிறு துளை வழியாகக் குறி பார்க்கிற பாகம், தனியாக வாங்க வேண்டியிருக்கலாம், அதையும் சேர்த்து விலை கேளுங்கள். இன்னொன்று, நல்ல நிலையில் உள்ள பழைய வெளிநாட்டு மேட்ச் ரைபிள். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் மூன்றும் ஜெர்மன், ஸ்டெயர் ஆஸ்திரியா. ஃபைன்வெர்க்பாவின் பழைய 600 வரிசையில் சிலிண்டரே கிடையாது. பக்கவாட்டு நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் அந்த ரவுண்டுக்கான காற்று ஏறிவிடும். நல்லது ஒன்று விலைக்கு வந்தால் விடாதீர்கள், ஆனால் சீல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு இரண்டாவது வழிதான் பொருத்தம். பெயர் பெற்ற மேட்ச் ரைபிளுக்கு எப்போதும் வாங்க ஆள் உண்டு. மூன்று வருடம் கழித்து விற்றாலும் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பும். நம் ஊர்த் தயாரிப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. மறுவிற்பனையில்தான் அது பின்தங்குகிறது.

இந்த இடத்தில் அந்த 1,60,000 ரூபாய்த் துப்பாக்கியைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அதன் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி என்ன? சர்வதேச விதிப்படி சிலிண்டருக்கு அதிகபட்சம் 10 வருடம்தான் ஆயுள். அதைத் தாண்டியதைப் போட்டியில் பயன்படுத்த முடியாது. 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பொருள், அதனால் பாதுகாப்புக்காகவும் இதில் சமரசம் கூடாது. புது சிலிண்டருக்குப் பல ஆயிரம் ஆகும், விலை பேசும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அதோடு, துப்பாக்கி வலது கைக்காரருக்கா இடது கைக்காரருக்கா, மகளின் எந்தக் கண் வலுவானது, கட்டையைக் குறைத்து அவள் தோளுக்குக் கொண்டுவர முடியுமா, அந்த எடையை ஒரு மணி நேரம் நின்று தாங்குகிறாளா என்று பாருங்கள். எடை 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பது விதி. அதற்காக 14 வயதுப் பிள்ளை அவ்வளவு சுமக்க வேண்டியதில்லை. விற்பவர் முன்னிலையில் அவளே ஐம்பது ரவுண்டாவது சுட்டுப் பார்க்கட்டும். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பயிற்சியாளருக்கு இந்த விற்பனையில் ஏதாவது பங்கு உண்டா என்று மரியாதையாக நேரிலேயே கேட்டுவிடுங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். எப்படியும் இன்னும் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப், வேளச்சேரியில் குருநானக் கல்லூரித் தளம் என்று பழைய துப்பாக்கி கைமாறும் செய்தி தெரிந்தவர்கள் இருக்கும் இடங்கள் நகரத்தில் உண்டு. பிள்ளைகளை அங்கே கூட்டிவரும் பெற்றோரிடம் பேச்சுக் கொடுத்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

சட்டத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழாய் விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் ரைபிளின் குழாய் 4.5 மில்லிமீட்டர்தான், ஆற்றலும் இந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கும். ஆனால் 0.22 ரைபிள் என்று யாராவது ஆசை காட்டினால் அது உரிமம் வேண்டிய துப்பாக்கி, உங்களுக்கு இப்போது தேவையே இல்லை. பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். பழையது வாங்கினால் விற்பவரின் பழைய பில்லோடு, தொடர் எண்ணைக் குறிப்பிட்டு எழுதி வாங்குங்கள். ரயிலில் கொண்டுபோகும்போது பூட்டிய பெட்டியில், பில் நகலும் கிளப் அடையாள அட்டையும் கூடவே இருக்கட்டும். கிளப்பில் பூட்டி வைக்க இடம் தருகிறார்கள் என்றால் அங்கேயே வைப்பது மேல். நம் பக்கத்து உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வீட்டில் வைத்தால் சுட்டு முடித்ததும் வெளிப்புற இரும்பை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். ஈரப் பெட்டியில் மூடிவைக்காதீர்கள்.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அவசரப்பட்டுத் தள்ளி எடுக்காதீர்கள். எட்டு மாதம் பொறுத்தால் முழுத்தொகைக்குப் பக்கத்தில் கிடைக்கும். நடத்துபவர் பதிவு செய்தவரா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். சீட்டு முடிந்தால் மாதம் 5,000 ரூபாயும் விடுபடும். அதில் 3,000 ரூபாயை வங்கியில் தொடர் வைப்பாகப் போடுங்கள், அடுத்த துப்பாக்கிக்கு அதுதான் விதை. மீதி 2,000 அவசர நிதிக்கு. இப்போது மிஞ்சுகிற 900 ரூபாய்க்கு ஒரு வேலை இருக்கிறது: உங்கள் பெயரில் டேர்ம் இன்ஷூரன்ஸ். வருட பிரீமியத்தை மாதத்துக்கு வகுத்தால் அந்தத் தொகைக்குள் வருகிற அளவுக்கு எடுங்கள். உங்கள் சம்பளம் நின்றால் மகளின் விளையாட்டும் அன்றோடு நின்றுவிடும் என்பதால் இதைத் துப்பாக்கிக்கு முன்னால் வைக்கிறேன்.

மகள் மாநில அளவில் பதக்கம் வாங்கத் தொடங்கினால், தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் உபகரணத்துக்கும் பயணத்துக்கும் உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு இப்போதிருந்தே ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் ஸ்கோர் தாளையும் ஒரு ஃபைலில் சேர்த்து வாருங்கள். உதவி வரும் என்று நம்பி முன்கூட்டியே கடன் வாங்க மட்டும் வேண்டாம்.

சீட்டுப் பணம் கைக்கு வந்த வாரம், அப்போது விற்பனைக்கு இருக்கும் துப்பாக்கிகளின் மாடல், வயது, சிலிண்டர் தேதி, கேட்கிற விலை, மகளின் கடைசி ஐந்து ஸ்கோர் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். எது சரி, எவ்வளவுக்குக் கேட்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.