பைக் கார்புரேட்டர் செட்டை 1600 சிசி கார் எஞ்சினில் பொருத்தினால் ஒழுங்காக ஓடுமா?

கேட்டவர் பழைய 1600 சிசி நாலு சிலிண்டர் எஞ்சினை வைத்து வீட்டிலேயே கார் கட்டுகிறார். ஆயிரம் சிசி பைக்கிலிருந்து கழற்றிய நாலு கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவி) செட் கையில் இருக்கிறது. அது போதுமா, என்ன ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளைத் திருகு) போட வேண்டும் என்பது கேள்வி.

தாராளமாகப் போதும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 400 சிசி, அந்த பைக்கில் 250 சிசி. பைக் 10,000 ஆர்பிஎம்மில் இழுக்கும் காற்றும் உங்கள் எஞ்சின் 6,250 ஆர்பிஎம்மில் இழுக்கும் காற்றும் ஏறக்குறைய ஒன்றுதான். 1998-இல் வந்த யமஹா ஆர்1-இன் 40 மி.மீ. மிக்குனி கார்புரேட்டர் செட்டை இப்படிப்பட்ட எஞ்சின்களுக்குப் பலரும் தேடிப் பிடிப்பது இதனால்தான்.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் அந்த கார்புரேட்டர் வேலை செய்யும் விதம். வெபர் மாதிரியான ரேஸ் கார்புரேட்டரில் காற்று போகும் குறுகல் ஒரே அளவில் நிலையாக இருக்கும். உங்கள் எஞ்சினுக்குப் பெரிதாகிவிட்டால் கீழ் ஆர்பிஎம்மில் இருமும், சிறிதாகிவிட்டால் மேலே மூச்சு முட்டும். பைக் கார்புரேட்டரில் டயஃப்ரத்தோடு (மெல்லிய ரப்பர் சவ்வு) சேர்ந்து மேலும் கீழும் நகர்ந்து அந்தக் குறுகலை மாற்றும் ஸ்லைடு ஒன்று இருக்கிறது. நீங்கள் பெடலை மிதித்தால் காற்று வழியில் இருக்கும் த்ராட்டில் தட்டுதான் திறக்கும். ஸ்லைடு எவ்வளவு உயர வேண்டும் என்பதை எஞ்சினின் உறிஞ்சல் முடிவு செய்கிறது. அதனால் கொஞ்சம் பெரிய அளவு கார்புரேட்டரையும் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். வாங்கும்போது ஸ்லைடை விரலால் தூக்கி, டயஃப்ரத்துக்குப் போகும் காற்றுத் துளையை அடைத்துப் பாருங்கள். மெதுவாக இறங்கினால் நல்லது. தொப்பென்று விழுந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஜெட் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், ஆனால் வேலையில் பாதிக்கு மேல் மேனிஃபோல்டில், அதாவது கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் குழாய்த் தொகுதியில் இருக்கிறது. கார் எஞ்சினின் போர்ட்டுகள் (காற்று உள்ளே போகும் துளைகள்) பைக்கில் இருப்பதைவிட அகலமாகத் தள்ளி இருக்கும். ஒன்று, கார்புரேட்டர்களைப் பிரித்து இடையில் ஸ்பேசர் வைத்து, பெட்ரோல் இணைப்புக் குழாய்களையும் த்ராட்டில் இணைப்பையும் நீட்ட வேண்டும். இல்லையென்றால் செட்டைப் பிரிக்காமல், வளைந்த குழாய்களைப் பட்டைத் தகட்டில் வெல்டு செய்து மேனிஃபோல்ட் கட்ட வேண்டும். இரண்டுமே ஓடும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், காற்று நேராகப் போகும். எந்த வழியானாலும் கார்புரேட்டர் பைக்கில் இருந்த அதே சாய்வில் உட்கார வேண்டும். சாய்வு மாறினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் மட்டம் மாறிவிடும், அப்புறம் எந்த ஜெட் போட்டாலும் சரிப்படாது. நடுவில் ரப்பர் குழாய் கட்டாயம் வேண்டும். எஞ்சின் அதிர்வு நேராக ஏறினால் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் நுரைத்துவிடும்.

ஏர் ஃபில்டர் பொருத்தும்போது கார்புரேட்டரின் வாய் விளிம்பில் இருக்கும் சின்னத் துளைகளைக் கவனியுங்கள். ஜெட்டுக்கும் டயஃப்ரத்தின் அடிப்பக்கத்துக்கும் காற்று போவது அதன் வழியாகத்தான். ஃபில்டரின் தகடோ கேஸ்கட்டோ அதை மூடிவிட்டால் ஸ்லைடு ஒழுங்காக எழாது, காரணம் தெரியாமல் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

அடுத்தது பெட்ரோல் அழுத்தம். இந்த கார்புரேட்டர்களுக்கு 2 முதல் 3 பிஎஸ்ஐ போதும். இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் 40 பிஎஸ்ஐ அளவில் தள்ளும், அதைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். சாதாரண கார் பம்புக்கும் ரெகுலேட்டர் போடுங்கள். ஃப்ளோட் அறைக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் ஊசி வால்வு அழுத்தத்தைத் தாங்காவிட்டால் பெட்ரோல் வழிந்து கீழே வரும். உங்கள் எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம் என்றால் வழியும் பெட்ரோல் விழுவது சூடான குழாயின் மேல். நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு இல்லாமல் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

பிரேக் பூஸ்டர் (எஞ்சினின் உறிஞ்சலை வைத்து பிரேக் மிதியை இலகுவாக்கும் கருவி) இருந்தால் மேனிஃபோல்டின் ஒரே ஒரு குழாயிலிருந்து வேக்குவம் எடுப்பது போதாது. நாலு குழாயிலிருந்தும் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, ஒருவழி வால்வோடு பூஸ்டருக்குக் கொடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸும் (உறிஞ்சலுக்கு ஏற்ப தீப்பொறி நேரத்தை மாற்றும் அமைப்பு) இந்த ஏற்பாட்டில் சீராக வேலை செய்யாது. சில பைக் செட்டுகளில் த்ராட்டில் சென்சார் கூடவே வரும், அதை வைத்து மேப் செய்யக்கூடிய (தீப்பொறி நேரத்தை நாமே அமைக்கக்கூடிய) இக்னிஷன் போடுவது நல்ல வழி.

சரி, ஜெட். பைக்கின் ஏர் பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) போய்விட்டதால் பைக்கின் பழைய ஜெட்டோடு கலவை பெரும்பாலும் லீனாகத்தான், அதாவது பெட்ரோல் குறைவாகத்தான் இருக்கும். பெரிய மெயின் ஜெட்டில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வாருங்கள், லீனில் தொடங்கிப் பிஸ்டனைப் பணயம் வைக்காதீர்கள். என்ன எண் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்பவரையும் நம்பாதீர்கள். கேம், எக்ஸாஸ்ட், ஃபில்டர் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. மிக்குனி ஜெட் எண்ணும் கெய்ஹின் என்ற இன்னொரு பிராண்டின் ஜெட் எண்ணும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். எக்ஸாஸ்ட்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் பொருத்தி, முழு த்ராட்டிலில் அந்த விகிதம் 12.5 முதல் 13 வரை வருமாறு மெயின் ஜெட்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஸ்லைடில் தொங்கும் நீடிலின் உயரம், கடைசியில் ஐட்லிங்குக்கான பைலட் ஜெட்டும் மிக்சர் ஸ்க்ரூவும். இதற்கெல்லாம் முன்னால் வேக்குவம் கேஜ் வைத்து நாலு கார்புரேட்டரையும் சமன் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் சென்சார் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

பைக்கின் த்ராட்டில் கால் சுற்றில் முழுதாகத் திறந்துவிடும். கார் பெடலின் மிதி அதற்கு மேல் போகும், கால் பலமும் அதிகம். பெடலுக்கு அடியில் கண்டிப்பாக ஒரு ஸ்டாப் வையுங்கள், இல்லையென்றால் கேபிள் அறுந்துவிடும் அல்லது இணைப்பு வளைந்துவிடும். கூடுதலாக ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் போடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே பெடலை முழுக்க மிதித்து விட்டுப் பாருங்கள். நாலு தட்டும் சட்டென்று மூட வேண்டும். ஒன்று தயங்கினாலும் அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.