தீவுப் பயணம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மூன்று நாள் விடுமுறைக்குக் குடும்பமும் நண்பர்களுமாகப் பன்னிரண்டு பேர் ஒரு சிறு தீவில் தங்கப் போகிறோம். கரைக்கு எதிரே உள்ள மணல்திட்டுக்குத் தண்ணீர் வற்றும்போது நடந்தே போகலாமாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் எத்தனை மணிக்கு என்பதைக் கடல்தான் முடிவு செய்யும். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி, இருமுறை வற்றுகிறது. வற்றிய நேரத்திலிருந்து முழுதாக ஏற ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சிக்கல் என்னவென்றால், அது சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு ஏறும் என்பது மாலுமிகளின் தோராயக் கணக்கு. ஏற்றம் 2.4 மீட்டர் என்றால் முதல் மணியில் 20 செ.மீ., மூன்றாவது மணியில் 60 செ.மீ. கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் திரும்பி வரும்போது இடுப்புக்கு வருவது இதனால்தான்.

திட்டில் நிற்பவர்களுக்கு இது தெரியவும் தெரியாது. திட்டுதான் மேடு, அதற்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளம் முதலில் நிரம்பிவிடும். காலடியில் மணல் காய்ந்திருக்கும்போதே வழி மூடியிருக்கும். ஆகவே நீர் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்பு கிளம்புங்கள். வற்றிய நேரம் வந்ததும் திரும்பிவிடுங்கள். அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்: வெள்ளிக்கிழமை காலை 10 மணி என்றால் ஞாயிறன்று ஏறக்குறைய 11.40. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். கரையை நோக்கிக் காற்று பலமாக அடித்தால் அட்டவணையில் உள்ளதைவிட நீர் அதிகம் ஏறும். அன்றைக்குத் திட்டை மறந்துவிடலாம்.

கேள்வி: ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம். தங்கைக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். என்ன செய்வது?

பதில்: ஆட்டம் குறைவாக இருக்கும் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில், காற்று படும் இடத்தில் உட்கார வையுங்கள். கண் தொடுவானத்தில் இருக்கட்டும்; போனைப் பார்க்கவே கூடாது. மாத்திரை போடுவதானால் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டு அதிகப் பயனில்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும் என்பதால் பொதுவாகக் காலைப் படகுதான் ஆட்டம் குறைந்தது. திரும்பும்போது கடைசிப் படகை நம்ப வேண்டாம். அது ரத்தானால் அன்றைக்கு வேறு படகு இல்லை.

கேள்வி: ஐந்து குழந்தைகள், ஏழு பெரியவர்கள். இத்தனை பேர் இருக்கும்போது தனியாகக் காவல் எதற்கு என்கிறார் கணவர்.

பதில்: இத்தனை பேர் இருப்பதால்தான் காவல் வேண்டும். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் அமிழ்ந்துவிடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என முறை வையுங்கள். முறை வந்தவரிடம் போன், அரட்டை, மது எதுவும் கூடாது. 'இனி உன் பொறுப்பு' என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

கையில் மாட்டும் காற்றுப் பட்டைகள் விளையாட்டுப் பொருள். லைஃப் ஜாக்கெட்டை வயதைப் பார்த்து வாங்காமல் எடையைப் பார்த்து வாங்குங்கள். கொக்கிகளை மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்: குழந்தையின் முகவாய்க்கு மேல் ஏறினால் அது பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும்.

கேள்வி: ஜெல்லி மீன் கொட்டினால் மணலைத் தேய்க்கலாமா, நல்ல தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். தோலில் ஒட்டிய இழைகளில் இன்னும் வெடிக்காத நச்சுச் செல்கள் இருக்கும்; தேய்த்தாலும் நல்ல தண்ணீர் பட்டாலும் அவையும் வெடிக்கும். கடல்நீரால் கழுவி, இழைகளை இடுக்கியால் எடுங்கள். பிறகு 40 முதல் 45 டிகிரிச் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடமாவது முக்கி வையுங்கள். சூட்டைக் கொட்டுப்படாதவர் கையை விட்டுப் பார்க்க வேண்டும். வினிகர் சில இனங்களுக்கு நல்லது, சிலவற்றுக்குக் கெடுதல். அந்தக் கரையின் உயிர்காப்பாளர் சொன்னால் மட்டும் ஊற்றுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, முகவீக்கம் வந்தால் வெந்நீருக்குக் காத்திராமல் உடனே அவசர உதவி.

கேள்வி: ஐஸ் பெட்டியில் இரண்டாம் நாளே தண்ணீர்தான் மிஞ்சுகிறது.

பதில்: குளிர்பானத்துக்குத் தனிப் பெட்டி வையுங்கள். ஒரே பெட்டியானால் நாள் முழுக்க யாராவது திறந்துகொண்டே இருப்பார்கள். உடைத்த ஐஸைவிடக் கட்டி ஐஸ் தாங்கும். உணவின் எடையைப்போல் இரு மடங்கு ஐஸ் போடுங்கள். பெட்டியை முந்தின இரவே ஐஸ் போட்டுக் குளிரவைப்பது அவசியம், இல்லாவிட்டால் முதல் ஐஸ் பெட்டியைக் குளிர்விப்பதிலேயே கரைந்துவிடும். உருகிய நீரை உடனே கொட்டாதீர்கள், அதுவும் குளிர்தான். உணவு மட்டும் நீர் புகாத டப்பாவில் இருக்க வேண்டும்.