என் டூ வீல் டிரைவ் டீசல் பிக்கப்பை ஃபோர் வீல் டிரைவாக மாற்ற முடியுமா?

உங்களிடம் இருப்பது இசுசு டி-மேக்ஸ் எஸ்-கேப். பந்தலூர்ப் பக்கம் தோட்டத்துக்கு ஏறும் மண்பாதையில், ஆனி ஆடி மழையில் பின்சக்கரங்கள் வழுக்கி வண்டி நின்றுவிடுகிறது. விபத்தில் சிக்கிய, இசுசுவின் மற்றொரு பிக்கப்பான ஃபோர் வீல் டிரைவ் வி-கிராஸ் ஒன்றிலிருந்து பாகங்களை எடுத்துப் பொருத்தித் தருவதாக ஒரு பட்டறை சொல்கிறது, செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறியியல் நோக்கில் செய்ய முடியும். ஆனாலும் செய்ய வேண்டாம் என்பதே என் பதில்.

இந்த யோசனை நம் ஊரில் பரவியதற்குப் பழைய ஜீப்புகள்தான் காரணம். அவற்றில் முன்பக்கம் பட்டை ஸ்பிரிங்கின் மேல் ஒரே நீள அச்சு இருக்கும். டூ வீல் டிரைவ் வண்டியின் வெற்று அச்சைக் கழற்றிவிட்டு, நடுவே கிரவுன் (சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கரம்) உள்ள அச்சை அதே பட்டைகளில் யு-போல்ட் போட்டு இறுக்கி, கியர் பாக்ஸின் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸை (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) சேர்த்து, முன்பக்கம் ஒரு புரொப்பல்லர் ஷாஃப்டை (விசையை அச்சுக்குக் கொண்டுசெல்லும் நீளத் தண்டு) இழுத்துவிட்டால் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். மலைப்பகுதிப் பட்டறைகளில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள்.

உங்கள் வண்டியின் அமைப்பு வேறு. முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும் விஷ்போன் அமைப்பில் இருப்பதால், முன் கிரவுன் கூடு அச்சோடு சேர்ந்து தொங்காமல் வண்டியின் அடிச்சட்டமான சேஸிலேயே உட்கார வேண்டும். அதைத் தாங்கும் பிராக்கெட்டுகள், கூட்டுக்கு இடம்விட்டு வளைந்த ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி), நடுவில் துளையுள்ள ஹப் (சக்கரம் மாட்டும் குடம்), அதைத் தாங்கித் திருப்பும் நக்கிள், சக்கரம் திரும்பினாலும் அசைந்தாலும் விசையைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட்டுடன் இருபுறமும் கூடிய ஷாஃப்டுகள் ஆகிய அனைத்தும் வேண்டும். பிராக்கெட் இல்லாத சேஸில் வெல்டிங் வைத்துத்தான் பொருத்துவார்கள். அப்படிப் பொருத்திய பிக்கப் ஒன்றைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்த்திருக்கிறேன். வெல்டிங் அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில், சூடுபட்ட சேஸ் தகட்டில்தான் மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தது. முன்சக்கரங்கள் இழுக்கும்போதெல்லாம் கிரவுன் கூடு எதிர்த்திசையில் முறுக்கும் விசையை அந்தத் தகடுதான் வாங்க வேண்டியிருக்கிறது.

பின்பக்கமும் வேலை உண்டு. டூ வீல் டிரைவ் கியர் பாக்ஸின் வெளிவரும் ஷாஃப்டும் வால்பகுதிக் கூடும் டிரான்ஸ்ஃபர் கேஸை ஏற்கும் வகையில் அமைந்தவை அல்ல என்பதால், கியர் பாக்ஸையே மாற்ற வேண்டிவரும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பிடிக்கும் இடத்துக்கு ஏற்பப் பின் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறுக்கி மீண்டும் பேலன்ஸ் செய்ய வேண்டும். அதில் சிறு பிசகு இருந்தாலும், ஜாயின்ட்டின் கோணம் கூடிவிட்டாலும், குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுவதும் அதிரும். வி-கிராஸில் 2எச், 4எச், 4எல் (டூ வீல், ஃபோர் வீல், குறைவேக ஃபோர் வீல்) என்று திருப்பும் குமிழுக்குப் பின்னால் மோட்டாரும் கண்ட்ரோல் யூனிட்டும் வயரிங்கும் இருக்கின்றன; அவற்றையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

பட்டறைக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, முன் கிரவுன் விகிதமும் (ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்ற கணக்கு) உங்கள் பின் கிரவுன் விகிதமும் ஒன்றா என்பது. எஸ்-கேப்பின் எஞ்சின் 78 குதிரைத்திறனும் 176 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்டது. தொடக்க கால வி-கிராஸின் எஞ்சின் அதே 2,499 சி.சி. அளவில் 134 குதிரைத்திறனும் 320 நியூட்டன் மீட்டரும் தருவது. இவ்வளவு வேறுபட்ட எஞ்சின்களுக்கு ஒரே கிரவுன் விகிதம்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு பணத்தை இறக்கக் கூடாது. விகிதம் சற்று மாறினாலும் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயலும், இரண்டுக்கும் நடுவிலுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு கரைந்துவிடும், ஆனால் பிடிப்புள்ள தரையில் பல்சக்கரமோ ஜாயின்ட்டோ உடைந்துதான் தீரும்.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. டிரான்ஸ்ஃபர் கேஸும் முன் கிரவுனும் சேர்ந்து ஏறத்தாழ நூறு கிலோ கூடினால், ஆர்.சி.யில் உள்ள வெற்று எடையே பொய்யாகிவிடும். அந்த அளவுக்கு நீங்கள் ஏற்றும் பாரமும் குறையும். 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். உங்களுடையது வணிக வாகனம் என்பதால் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தால் முன் புரொப்பல்லர் ஷாஃப்டை எந்தத் துணியாலும் மறைக்க முடியாது. அவர் விட்டாலும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் விடமாட்டார்.

அப்படியானால் மழைக்காலத்துக்கு என்ன வழி? பிக்கப்பின் எடையெல்லாம் முன்னால் எஞ்சின் பக்கம் இருப்பதால், காலியாக ஏறும்போதுதான் பின்சக்கரம் பிடிப்பின்றிச் சுழலும். நாலைந்து உர மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே, நகராதபடி கட்டி வைத்துப் பாருங்கள். அதே அளவில் சேற்றுக்கு ஏற்ற, துருத்தும் பட்டன் கட்டைகள் கொண்ட டயர் போடுங்கள். மண்பாதை தொடங்கும் இடத்தில் காற்றைச் சற்றே குறைத்து, தார்ச்சாலைக்குத் திரும்பியதும் நிரப்பிவிடுங்கள். மிக மோசமான நாட்களுக்குப் பின்டயர்களில் சங்கிலி கட்டுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு அந்தப் பட்டறை கேட்கும் தொகையில் ஒரு மூலைக்குக்கூட வராது.

இவ்வளவுக்கும் பிறகும் வண்டி ஏறவில்லை என்றால், இதை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, ஆலையிலேயே ஃபோர் வீல் டிரைவாக வந்த பழைய வி-கிராஸைத் தேடுங்கள். பெயரை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள்: 2021-இல் வந்த ஹை-லேண்டரும், வி-கிராஸ் இசட் ஆட்டோமேட்டிக்கில் ஒரு வகையும் டூ வீல் டிரைவ்தான். பார்க்கப் போகும்போது விற்பவரை மண்தரைக்கு ஓட்டிவரச் சொல்லி, வண்டியை முழுவதும் நிறுத்தி, நியூட்ரலில் 4எல் போட்டுப் பாருங்கள். டேஷ்போர்டில் மினுக்கும் விளக்கு நிலையாக எரிந்தால்தான் உள்ளே பல்சக்கரங்கள் சரியாகக் கோத்துக்கொண்டன என்று பொருள். மினுக்கிக்கொண்டே இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்காமல் வேறு வண்டி பாருங்கள்.