காஸ் பில் கூடவோ என்று கேட்ட மல்லாவித் தங்கச்சிக்கு

மல்லாவியில் இருந்து போன வருசம் இங்கிலாந்தில் கொவன்றிக்கு வந்த ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. இரண்டு அறை வாடகை வீடு, புருசன், கைக்குழந்தை. தை மாதத்துக்கு மட்டும் காஸ் பில் 184 பவுண்ஸ். "இது எல்லாருக்கும் வாற அளவோ, இல்லாட்டி எங்களை ஏமாத்தினமோ? பிட்டு, இடியப்பம் அவிக்கிறதைக் குறைச்சால் பில் குறையுமோ? பயத்தில இப்ப ஹீற்றிங்கே போடுறேல்லை" என்று எழுதியிருக்கிறா. பில்லில் உள்ளதையும் தந்திருக்கிறா: 2,750 கிலோவாட் மணி, ஒன்றுக்கு 6.3 பென்ஸ், அதோட நாளுக்கு 34 பென்ஸ் ஸ்ராண்டிங் சார்ஜ், அதாவது காஸ் எரிச்சாலும் எரிக்காட்டியும் கட்ட வேண்டிய காசு. மீற்றர் வாசிப்புக்குப் பக்கத்தில் "எஸ்ரிமேற்றட்" என்று போட்டிருக்காம்.

தங்கச்சி, அந்தக் கடைசிச் சொல்லில்தான் விசயம் இருக்கு. காஸ் கொம்பனி உங்கட மீற்றரைப் பார்க்கவே இல்லை. இவ்வளவு எரிச்சிருப்பீங்கள் என்று கணிச்சுப் போட்ட கணக்கு அது. புதுசாக் குடிவந்த வீட்டில், முந்தி இருந்த ஆட்கள் எரிச்ச அளவை வைச்சும் கணிப்பினம். அவை ஆறு பேர் இருந்து நாள் முழுக்க ஹீற்றிங் போட்டிருந்தால், அது உங்கட தலையில் வரும். அதனால் 184 பவுண்ஸ் கூடவோ குறைவோ என்று இப்ப ஆராலும் சொல்லேலாது. ஆனால் ஒரு கிழமையில் நீங்களே கண்டுபிடிக்கலாம். அதுவரைக்கும் பிள்ளையைக் குளிரில் வைச்சிருக்காதேங்கோ. கைக்குழந்தை நித்திரை கொள்ளுற அறை 16 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இருக்க வேணும்.

அம்மாவைப் பார்க்க வந்து இப்ப நான் கிளிநொச்சியில் நிற்கிறன். அவவின்ர குசினியில் பாலை விறகு அடுப்பும் இருக்கு, 12.5 கிலோ சிலிண்டரும் இருக்கு. அந்த ஒரு சிலிண்டருக்குள்ள ஏறத்தாழ 170 கிலோவாட் மணி வெப்பம் இருக்கு. உங்கட தை மாதப் பில்லில் உள்ள 2,750ஐ அதால் பிரிச்சால் 16 சிலிண்டர்! வன்னியில் சிலிண்டரைச் சிக்கனமாப் பாவிச்சு வளர்ந்த ஆட்களுக்கு இதைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஆனால் அங்க காஸ் சமைக்கிறதுக்கு மட்டும் இல்லை. முழு வீட்டையும் சூடாக்கிறதும், குளிக்கிற தண்ணியைக் கொதிக்க வைக்கிறதும் அதுதான். இங்க அந்த இரண்டு வேலையையும் வெயில் பார்க்குது.

அதனால் பிட்டைத் தொடாதேங்கோ. அடுப்பின் ஒரு பேர்ணர் பெரிசா எரிஞ்சால் மணித்தியாலத்துக்கு 2 கிலோவாட் மணி அளவில் போகும். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் சமைச்சால் 4, அதாவது 25 பென்ஸ். மாதம் முழுக்கச் சமைச்சாலும் 8 பவுண்ஸுக்குள்ள. சுடுதண்ணிக்கு 24 கிலோவாட் பொயிலர் முழு வேகத்தில் எரிஞ்சால், பத்து நிமிசக் குளிப்புக்கே அந்த 4 போயிடும். ஹீற்றிங் அதைவிடப் பெரிய தீனி. பில் கூடினால் பார்க்க வேண்டிய இடம் பொயிலர், அடுப்பு இல்லை.

சரி, எவ்வளவு எரிச்சால் சாதாரணம்? பவுண்ஸ் கணக்கை வைச்சு மற்ற ஆட்களோட ஒப்பிடாதேங்கோ. ஆளாளுக்கு விலை வேற, வருசத்துக்கு வருசம் வேற. பிரிட்டனில் விலைவரம்பு, அதாவது கொம்பனி கேட்கக்கூடிய உச்ச விலை, மூன்று மாதத்துக்கு ஒருக்கா மாறும். அந்த வரம்பும் ஒரு கிலோவாட் மணியின் விலைக்கும் ஸ்ராண்டிங் சார்ஜுக்கும்தான். மொத்தப் பில்லுக்கு வரம்பு ஒன்றும் இல்லை. கிலோவாட் மணியைத்தான் ஒப்பிட வேணும். ஓஃப்ஜெம், அதுதான் அங்கத்தை மின்சார, காஸ் ஒழுங்குபடுத்துற நிறுவனம், 2023இல் வைச்ச அளவின்படி குறைவாப் பாவிக்கிற வீடு வருசத்துக்கு 7,500, நடுத்தர வீடு 11,500, கூடப் பாவிக்கிற வீடு 17,000. தை மாதம் கடுங்குளிர், வருசச் செலவில் ஆறில் ஒன்றுக்குக் கிட்ட அந்த ஒரு மாதத்தில் போயிடும். அப்ப நடுத்தர வீட்டுக்குத் தையில் 1,900 அளவில் வரும். உங்கட 2,750, பெரிய வீட்டுக்காரர் எரிக்கிற கணக்கு. இரண்டு அறை வீட்டுக்கு அது எனக்குக் கூடவாத்தான் தெரியுது. நீங்கள் சந்தேகப்பட்டதில் பிழையே இல்லை.

இனி மீற்றர். ஊரில் கரண்ட் பில்லில் ஒரு யூனிற் என்றால் ஒரு கிலோவாட் மணி. காஸ் மீற்றர் அப்படி இல்லை, அது காஸின் கன அளவைத்தான் எண்ணும். மீற்றரின் முகத்தில் கன மீற்றர் என்று இருக்கோ, கன அடி என்று இருக்கோ என்று முதல்ல பாருங்கோ. கன மீற்றர் என்றால் ஒன்றுக்கு ஏறத்தாழ 11.2 கிலோவாட் மணி. பழைய கன அடி மீற்றர் நூறு நூறு கன அடியா எண்ணும், அதில் ஒன்றுக்கு 31, 32 வரும். கன மீற்றர் எண்ணுற மீற்றரைக் கன அடி என்று கொம்பனி மாறிப் போட்டால், எரிச்ச காஸின் கணக்கு 2.83 மடங்கு பெருக்கும். ஒட்டுசுட்டானில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு இது நடந்தது. மீற்றரைப் புதுசா மாத்தினவை, கணக்கில் பழைய வகையை அப்படியே விட்டிட்டினம். அந்தச் சனம் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு அறைக்குள்ள போர்வையோட இருந்து, கேட்க வெக்கப்பட்டு, கடன் வாங்கிக் கட்டினது. எனக்கு அதை நினைச்சால் இப்பவும் மனம் பொறுக்குதில்லை. கேட்டிருந்தால் ஒரு போனில் முடிஞ்சிருக்கும்.

உங்கட மீற்றர் கன மீற்றர் என்று வைப்பம். 2,750ஐ 11.2ஆல் பிரிச்சால் 245, நாளுக்கு 8. இன்றைக்கு இரவு வாசிப்பைப் போனில் படம் எடுங்கோ. கறுப்பு இலக்கங்கள் மட்டும், சிவப்பை விடுங்கோ. ஹீற்றிங்கை வழமைபோலப் போட்டுக்கொண்டு, ஏழு நாள் கழிச்சு அதே நேரம் திரும்ப எடுங்கோ. குளிர் தை மாதம் மாதிரியே இருந்து மீற்றர் 55 அளவில் ஓடியிருந்தால் அவையின்ர கணிப்புச் சரி. 30தான் என்றால் உங்களுக்குக் கூடப் போட்டிருக்கினம். படத்தில் மீற்றரின் தொடர் இலக்கமும் விழட்டும். அது பில்லில் உள்ள இலக்கத்தோட ஒத்துப்போகுதோ பாருங்கோ. மாடி வீடுகளில் பக்கத்து வீட்டு மீற்றர் உங்கட பேரில் இருக்கிறதும் நடக்கும்.

இன்னொன்று. பொயிலரையும் அடுப்பையும் நிப்பாட்டிப்போட்டு ஒரு மணித்தியாலம் மீற்றரைப் பாருங்கோ. கடைசி இலக்கமும் அசையக்கூடாது. அசைஞ்சால் எங்கையோ ஒழுக்கு, இல்லாட்டி வேற ஆரோ உங்கட குழாயில். காஸ் மணத்தால் அந்தப் பரிசோதனை ஒன்றும் வேண்டாம். யன்னலைத் திறந்து, சுவிச் ஒன்றையும் தொடாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில் வந்து 0800 111 999க்கு அடியுங்கோ. எந்த நேரமும் எடுப்பினம், காசு இல்லை.

கணிப்புச் சரி என்று வந்தால் எரியிறதைக் குறைக்க வழி இருக்கு. தண்ணித் தாங்கி இல்லாத கொம்பி பொயிலர் என்றால், அறையைச் சூடாக்கிற ரேடியேற்றருக்குப் போற தண்ணியின் சூட்டை 60 பாகைக்கு இறக்குங்கோ. கனபேருக்கு அது 75, 80இல் இருக்கும். திரும்பி வாற தண்ணி 55க்குக் கீழ இருந்தால்தான் புகையோட வெளியில் போற வெப்பத்தை அந்தப் பொயிலர் ஒழுங்காப் பிடிக்கும். அறை சூடாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். பொயிலரை வருசத்துக்கு ஒருக்காப் பதிவுபெற்ற பொறியியலாளரைக் கொண்டு பரிசோதிச்சு அந்தப் பத்திரத்தை உங்களுக்குத் தரவேண்டியது வீட்டுக்காரரின் கடமை. வீட்டுக்காரர் எங்கட ஆள், எப்படிக் கேட்கிறது என்று நினைக்காதேங்கோ.

அதே மாதிரி, அறை மட்டும் எடுத்து வீட்டுக்காரரிட்டக் காஸ் காசைத் தனியாக் கட்டுற பிள்ளைகளும் இதை அறிஞ்சிருக்க வேணும். தான் வாங்கின விலைக்கு மேல வைச்சு அதை விற்க அவருக்கு உரிமை இல்லை. பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

உங்களுக்கு, தங்கச்சி, அடுத்த வேலை இது. இரண்டு வாசிப்பையும் கொம்பனிக்கு அனுப்பி, உண்மையான வாசிப்பில் புதுப் பில் கேளுங்கோ. குடிவந்த நாள் வாசிப்பு உங்களிட்ட இருந்தால் அதையும் சேருங்கோ. வங்கிக் கணக்கில் இருந்து மாதாமாதம் ஒரே தொகையாத் தானாக் கழியிற டிரெக்ட் டெபிட்டைக் கோவத்தில் வெட்டாதேங்கோ. கோடையில் சேருற மிச்சம் குளிர்காலத்தில் கழியிற மாதிரித்தான் அது ஓடும், தொகையை மாத்தச் சொல்லிக் கேட்டால் காணும். அவை பிழை என்று ஒத்துக்கொள்ளாட்டி, "இது முறைப்பாடு" என்று அந்தச் சொல்லையே போட்டு எழுதுங்கோ. எட்டுக் கிழமைக்குள்ள தீராட்டி, கொம்பனிக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று பிணக்கைத் தீர்க்கிற எனர்ஜி ஓம்பட்ஸ்மனிட்டப் போகலாம், உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. நாளைக்கு ஒருவேளை பழைய கணக்கு என்று பெரிய பில் ஒன்றை நீட்டினாலும், அவையே பில் போடாமல் விட்ட, 12 மாதத்துக்கு முந்திய காஸுக்கு உங்களிட்டக் காசு கேட்கேலாது.